புளி போட்டுத் துலக்கிய சிலுவை

மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு பிற்பகல். சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக்கில் சரோஜா அத்தை வீட்டுச் சமையலறைத் தரை முழுக்கப் பழைய செய்தித்தாள். அதன் மேல் குத்துவிளக்கு, கற்பூரத்தட்டு, மணி, சொம்பு. ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் அது. அத்தை சின்ன பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து புளியைப் பிசைந்து ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கொடுக்க, நான் கழுவித் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன்.

விளக்குகளுக்கு நடுவே அந்தச் சிலுவையும் கிடந்தது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் வெண்கலச் சிலுவை. நடுவில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் பக்கவாட்டில் ஒரு பெண்முகம். தலையில் முக்காடு மாதிரி ஏதோ போட்டிருப்பாள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் மாதா. பூஜை மாடத்தில் முருகனுக்கும் பெரியாச்சிக்கும் பக்கத்தில் மாதாவுக்கும் ஓர் இடம் உண்டு, பூ உண்டு, வருஷத்துக்கு ஒருமுறை புளிக்குளியலும் உண்டு. அத்தை சனிக்கிழமைதோறும் மாதா கோவில் ஜெபத்துக்கும் போய்வருவார்.

அத்தை அதைக் கையில் எடுத்தார். தேய்க்கவில்லை. சும்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மல்லிகா, எனக்கப்புறம் தாத்தாவ யாருடி போய்ப் பாப்பா?"

தாத்தா என்று அத்தை சொல்வது அவருடைய தாத்தா வைத்திலிங்கத்தை. எனக்குக் கொள்ளுத்தாத்தா. நான் பார்த்ததில்லை. அத்தை என் அப்பாவுக்கு அக்கா, எண்பதைத் தொடப்போகிறவர், பிள்ளை குட்டி கிடையாது. வைத்திலிங்கத்தைக் கண்ணால் பார்த்தவர்களில் இன்று மிச்சம் இருப்பவர் அவர் ஒருவர்தான். வைத்திலிங்கத்தின் சாம்பல் ஓர் அஸ்தி மாடத்தில், கிறிஸ்தவர்களுக்கான வரிசையில் இருக்கிறது. நாங்களோ கோவில் திருவிழாவுக்குப் பால்குடம் எடுக்கிற குடும்பம்.

"அவரு மாதாவோட ஆளுன்னா அங்கயே இருக்கட்டும். நம்ம ஆளுன்னா கடல்ல கரைச்சு முறையா அனுப்பிடணும். அது எங்க அப்பா செஞ்சிருக்க வேண்டிய காரியம். அப்பா செஞ்சது தப்பா சரியான்னு எனக்குத் தெரியணும். தெரியாம எனக்குக் கட்டை வேகாது" என்றார்.

"இருக்கறது இந்த ஒரு சாமான்தான் அத்தை. இதை வெச்சுக்கிட்டு எப்படிக் கண்டுபிடிக்கறது?"

"நீ ஏர்போர்ட்ல அத்தனை வருஷம் குப்பை கொட்டினவ. ஊர் உலகத்துப் பாஸ்போர்ட்டெல்லாம் பாத்தவ. உன்னால முடியாதா?"

இந்த மாதிரி உச்சி குளிர வைத்தே என்னிடம் வேலை வாங்குவது எங்கள் குடும்பத்து வழக்கம். சிலுவையை ஈரம் போகத் துடைத்து, டிஷ்யூவில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

பிரெஞ்சுக்காரன் கொடுத்தது

வைத்திலிங்கம் காரைக்கால் பக்கத்துக்காரர். காரைக்கால் அன்றைக்குப் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த ஊர். அங்கிருந்து எப்படியெப்படியோ சுற்றி, சைகோனில் கொஞ்சகாலம் இருந்து, சிங்கப்பூருக்கு வந்து துறைமுக வேலையில் சேர்ந்தார். குடும்பத்தை அப்புறம் வரவழைத்துக்கொண்டார். அவ்வளவுதான் தெரியும். மனிதர் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் இருப்பாராம்.

அவர் கோவிலுக்குள் போகமாட்டார். தீமிதிக்குக் குடும்பமே போகும். இவர் வாசலில் செருப்புகளுக்குக் காவல் நிற்பார். விபூதி கொடுத்தால் வாங்கிக்கொள்வார், பூசமாட்டார், மடித்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வார். அத்தைக்கு அவரைப் பற்றி நினைத்தாலே ஒரு பாக்குத்தூள் வாசனையும் ஈரக் கயிற்று வாசனையும் வருமாம். மத்தியான வேளையில் வாசற்படியில் உட்கார்ந்து கடல் பக்கம் பார்த்துக்கொண்டே இருப்பாராம். கூப்பிட்டால் திரும்புவார். ஆனால் திரும்பி வருவதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்குமாம்.

சிலுவையை அவர் யாருக்கும் காட்டியதில்லை. பனியனின் உட்பக்கத்தில் ஊக்கு போட்டுக் குத்தி வைத்திருந்ததை, துணி துவைக்கும்போது மருமகள் ஒருதடவை பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறார். "பிரெஞ்சுக்காரன் கொடுத்தான்" என்றாராம். அதோடு சரி.

காரைக்கால் ஆட்களுக்குப் பிரெஞ்சுக்காரன் என்றால் பாதிரியார். பாதிரியார் சிலுவையைக் கொடுத்தால் அதற்கு அர்த்தம் ஒன்றுதானே? ஊரில் யாருக்கும் தெரியாமல் கிறிஸ்து வேதத்தில் சேர்ந்துவிட்டார், பெற்றவர்களுக்குப் பயந்து மறைத்துவிட்டார், அதனால்தான் கோவிலுக்குள் வருவதில்லை. எல்லாம் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

அவர் இறந்தபோது அத்தை பள்ளிக்கூடச் சிறுமி. உடம்பைக் குளிப்பாட்டப் பனியனைக் கழற்றினால், நெஞ்சுக்கு நேராகச் சிலுவை. மூத்த மகன் கோவிந்தசாமி, அதாவது அத்தையின் அப்பா, என் தாத்தா, அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாராம். பிறகு எழுந்து, "சாகறவரைக்கும் நெஞ்சுல வெச்சிருந்தாரு. அவர் சாமிகிட்டயே அவர அனுப்பறதுதான் மரியாதை" என்று சொல்லிவிட்டு, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு மாதா கோவிலுக்குப் போய்விட்டார்.

அங்கே வெள்ளைத்தாடி வைத்த வயதான பிரெஞ்சுச் சாமியார் ஒருவர். சிலுவையைப் பார்த்ததும் அவர் கண்கலங்கிவிட்டார். ஞானஸ்நானம் எங்கே, எப்போது என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. அன்று மாலையே பிடாடாரி இடுகாட்டில் இடம் ஏற்பாடாகி, அவரே வந்து நின்று அடக்கம் செய்தார். சிலுவையைக் கோவிந்தசாமி கையில் திருப்பிக் கொடுத்து, அவர் கையை மூடிவிட்டார். சாமியாரே அழுதுவிட்டார், இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

தம்பிகளுக்கு அது போதவில்லை. கோவிந்தசாமியைக் "கொள்ளி வைக்காத மகன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனவர்கள்தான். பிறகு அவர் வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை. அத்தை கல்யாணத்துக்குக்கூட வரவில்லை.

பூச்செண்டும் மெழுகுவர்த்தியும்

தாத்தா கோவிந்தசாமியை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வருஷா வருஷம் கல்லறைத் திருநாளன்று பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பிடாடாரிக்குப் போவார். பெரிய பெரிய மழைமரங்கள். புல் முழங்காலை உரசும். வெயில் இலைகளுக்குள்ளே நுழைந்து வரும்போதே களைத்துப்போய்விடும். எனக்கு அது கல்லறை என்றே தோன்றியதில்லை, யாரோ பாதிக் கனவில் விட்டுவிட்டுப்போன தோட்டம் மாதிரி இருக்கும்.

சுற்றியிருக்கிற குடும்பங்கள் மண்டியிட்டு ஜெபம் சொல்லும். தாத்தாவுக்கு ஒரு ஜெபமும் தெரியாது. தேவாரம் சொன்னால் அப்பாவுக்குப் பிடிக்குமோ பிடிக்காதோ என்று பயம். மெழுகுவர்த்தியைக் கொளுத்தி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு, "அப்பா, வந்திருக்கேன்" என்பார். கொஞ்சம் பொறுத்து, "போயிட்டு வரேன்ப்பா" என்பார். இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் இருக்காது.

வீட்டில் திதியும் கொடுக்கமாட்டார். வேதத்தில் சேர்ந்தவருக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தால் குற்றமாகிவிடுமோ என்று. கடைசிக் காலத்தில் படுக்கையில் கிடந்தபோது அத்தையிடம் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்: "நான் அப்பாவ இடம் மாத்திக் கொண்டுபோய் விட்டுட்டேனா சரோஜா?" அத்தை, "இல்லப்பா, சாமியாரே அழுதாரே" என்பார். அவரும் தலையை ஆட்டுவார். மறுநாள் மறுபடியும் கேட்பார். அப்படிக் கேட்டுக்கொண்டேதான் போய்ச் சேர்ந்தார்.

பிற்பாடு பிடாடாரியில் வீடு கட்டப்போவதாகச் சொல்லிக் கல்லறைகளையெல்லாம் தோண்டினார்கள். எடுத்த எலும்பை எரித்துச் சாம்பலாக்கிக் கையில் கொடுத்தார்கள். "மகன் வைக்காத கொள்ளிய அரசாங்கம் வெச்சிருச்சு" என்று என் அப்பா சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. சாம்பலைக் கிறிஸ்தவ வரிசையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டார்கள்.

இந்த இடத்தில் என் செக்-இன் கவுன்ட்டர் அனுபவம் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். காசிக்கும் ராமேசுவரத்துக்கும் அஸ்தி கொண்டுபோகிறவர்கள் நிறையப் பேர் என் வரிசையில் வந்திருக்கிறார்கள். பெட்டியைத் தராசில் வைப்பார்கள், அந்தக் கலயத்தை மட்டும் வைக்கமாட்டார்கள். மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "இதுக்கும் வெயிட் பாப்பீங்களா மிஸ்?" என்பார்கள். பார்த்ததில்லை. விதியில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் முயலவில்லை. அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி இருக்கும், கொண்டுபோக வேண்டிய இடம் தெரிந்தவர்களின் நிம்மதி. கோவிந்தசாமித் தாத்தா முகத்தில் நான் அதைப் பார்த்ததே இல்லை.

சிலுவையில் வாள் ஏது?

முதலில் நான் போனது சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், எங்களுக்குத் தாலி உருக்கிக் கொடுக்கும் பத்தரிடம். கும்பகோணத்துக்காரர். மாலைகட்டும் கடைகளிலிருந்து வரும் மல்லிகை வாசனையும், பக்கத்துக் கடை நெய்த்தோசை வாசனையும் கலந்து அவர் பட்டறைக்குள் எப்போதும் மயக்கமாக நிற்கும். சிலுவையை வாங்கி, கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரும்மா இதை இப்படித் தேய்ச்சது? எழுத்தெல்லாம் மொழுக்குன்னு போயிருச்சே."

"மூணு தலைமுறையா பக்தியா தேய்ச்சோம்" என்றேன்.

அவர் சிரிக்காமல் சிலுவையின் கைகளுக்கு இடையில் நீட்டிக்கொண்டிருந்த நான்கு கம்பிகளைக் காட்டினார். மாதாவிடமிருந்து புறப்படும் ஒளி என்றே நாங்கள் அதுவரை நினைத்திருந்தோம்.

"இது ரெண்டு வாளும்மா. குறுக்கால வெச்சிருக்கு. பாருங்க, இது பிடி, இது முனை. சிலுவையில வாள் ஏது?"

அங்கிருந்து நேராக, நகரத்தின் பழைய பேரங்காடி ஒன்றில் பழங்காசும் பதக்கமும் விற்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு சீனப் பெரியவர். கோப்பியை உறிஞ்சிக்கொண்டே ஒரு பார்வைதான் பார்த்தார்.

"ஆன்ட்டி, திஸ் ஒன் நாட் சர்ச் ஒன் லா. ஆர்மி ஒன்."

சர்ச் சாமான் இல்லையாம், பட்டாளத்துச் சாமானாம். இழுப்பறையிலிருந்து அச்சு அசலாக அதே மாதிரி இன்னொன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அது புளியைக் கண்ணால் பார்க்காதது. பெண்ணின் முகத்தைச் சுற்றி எழுத்துகள் பளிச்சென்று இருந்தன: பிரெஞ்சுக் குடியரசு. முதல் உலகப் போரில் வீரச்செயல் செய்த சிப்பாய்களுக்குப் பிரான்ஸ் கொடுத்த போர்ச்சிலுவையாம் இது. அந்தப் பெண் மாதா இல்லை. அந்தக் குடியரசுக்கு அவர்கள் போட்டு வைத்த உருவம். தலையில் இருப்பது முக்காடும் இல்லை, ஒரு தொப்பி.

பாண்டிச்சேரி, காரைக்கால் பையன்கள் பலர் அந்தப் போருக்குப் போயிருக்கிறார்கள் என்று அவரே சொன்னார். யார் யார் இதை வாங்கியிருக்கிறார்கள் என்றும் அளந்துகொண்டிருந்தார். விவசாயி, பள்ளிக்கூட வாத்தியார், பாதிரியார். அந்த நாட்டில் அந்தப் போருக்குப் பாதிரியார்களையும் விடாமல் பட்டாளத்தில் இழுத்துக்கொண்டார்களாம். ஒரு சாமியாருடைய பதக்கம் தன் கைக்கே ஒருமுறை வந்ததாம். நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. பனியனுக்குள் ஊக்கு குத்திய ஒரு மனிதர் என் கண்முன்னால் மெதுவாக எழுந்து, சிப்பாயாக நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார்.

எந்த வைத்திலிங்கம்?

சரி, எதற்குக் கொடுத்தார்கள்? அதைத் தெரிந்துகொள்ளாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. வேலையிலிருந்து ஓய்வுபெற்றவளுக்கு இப்படி ஒன்று கிடைத்தால் சும்மா விடுவாளா? பிரான்சில் பழைய பட்டாளத்து ஆவணங்களைப் பார்க்கும் ஓர் அலுவலகத்துக்கு எழுதினேன். காரைக்காலில் தூரத்துச் சொந்தம் ஒருவரைப் பிடித்து, அவர் உயிரை வாங்கினேன். தேசிய நூலகத்தில் போய் உட்கார்ந்து பழைய படங்களைப் பார்த்தேன். சேற்றில் நிற்கும் ஆட்கள், இலையே இல்லாத மரங்கள், பனி.

பிடோக்கில் என் வீட்டிலிருந்து புக்கிட் பாத்தோக்குக்கு எம்ஆர்டி ரயிலில் போக, தீவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போகவேண்டும். குளிர்சாதனக் காற்றில் எனக்குக் கண் சொக்கிவிடும். அந்த மாதங்களில் கண்ணை மூடினால் அவர்தான். பனியில் நடந்துகொண்டிருப்பார், காலில் செருப்பில்லை. திரும்பும் வழியில் ரயில் தரைக்கு மேலே ஏறி வெயில் முகத்தில் அடிக்கும்போது பனி உருகிப் பாயா லேபார் நிலையம் ஆகிவிடும். எதிரே கட்டுமான வேலைக்குப் போகும் தம்பி ஒருவன் பூட்ஸ் காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருப்பான். இவனுக்கும் ஊரில் ஒரு குடும்பம், இவன் வாய் திறக்காமல் வைத்திருக்கும் விஷயங்கள் எத்தனையோ. வைத்திலிங்கம் புறப்பட்டபோது இந்த வயதுதான் இருந்திருக்கும்.

கடைசியில் பதில் வந்தது. மரியாதையான பதில். அந்தப் பெயரிலும் கிட்டத்தட்ட அதேபோல் உச்சரிக்கிற பெயர்களிலும் பலர் இருக்கிறார்களாம். தகப்பன் பெயரும் படைப்பிரிவு எண்ணும் இல்லாமல் எங்கள் வைத்திலிங்கம் எவர் என்று சொல்ல முடியாதாம். எங்களிடம் இரண்டுமே இல்லை. காரைக்கால் சொந்தக்காரரும் கையை விரித்துவிட்டார்.

அழுகையாக வந்தது. ஒரு மனிதர் எதையோ செய்திருக்கிறார். உயிரைக் காப்பாற்றினாரோ, எடுத்தாரோ. எங்கோ ஒரு நாட்டுக்காரன் அதைப் பார்த்து மெச்சி நெஞ்சில் குத்தி அனுப்பியிருக்கிறான். அதைச் சொல்ல அவருக்கு வீட்டில் ஒரு ஆள்கூடக் கிடைக்கவில்லை. கோவிலுக்குள் ஏன் வரவில்லை என்பதுகூட இப்போது எனக்கு வேறு மாதிரி தோன்றியது. அங்கே என்ன பார்த்துவிட்டு வந்தாரோ, சாமி முன்னால் போய் நிற்க முடியாமல். இது என் ஊகம்தான். ஆனால் அந்த ஊகம் என்னை விடவில்லை.

அத்தையின் கை

மறுபடியும் அதே சமையலறை. இந்த முறை விளக்குகள் இல்லை. மேசையில் நுரைக்க ஆற்றிய தே தாரே டீயும் மரவள்ளிக்கிழங்குப் பலகாரமும். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப இது மாதா இல்ல?"

"இல்ல அத்தை."

"யாரு அந்தப் பொம்பள?"

"நிஜத்துல அப்படி ஒருத்தி கிடையாது. அந்த நாட்டுக்கு அவங்க வெச்ச அடையாளம்."

"நான் வேண்டிக்கிட்டதெல்லாம் குடுத்தாளேடி" என்றார் அத்தை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. ஆனால் பாதியிலேயே முகம் மாறிவிட்டது.

"ஆளைக் கொன்னதுக்கா குடுத்தாங்க?"

"தெரியல அத்தை. தெரிஞ்சுக்க வழியில்ல."

"அப்போ அப்பா தப்புத்தான் பண்ணியிருக்காரு. சித்தப்பாங்க சொன்னது சரி. நம்ம ஆளைக் கொண்டுபோய்ப் பொதைச்சுட்டாரு." கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ஆனா அந்தச் சாமியார் ஏன் அழுதாரு மல்லிகா? அவருக்குமா தெரியல? அவரு பிரெஞ்சுக்காரருதானே?"

"அன்னிக்கு என்னதான் நடந்துச்சு, முதல்ல இருந்து சொல்லுங்க" என்றேன். பேச்சுக்காகத்தான் கேட்டேன்.

"அப்பா கையை நீட்டிக் காட்டினாரு. சாமியார் நாற்காலியில உக்காந்திருந்தவரு படக்குன்னு எழுந்துட்டாரு. வாங்கிப் பாத்தாரு. வாய் நடுங்குச்சு. அப்புறம் நாங்க இருக்கறதையே மறந்துட்டு, உடம்ப வெறைப்பா வெச்சுக்கிட்டு, சிலுவை போட்டுக்கறதுக்குக் கையை நெத்திக்குக் கொண்டுபோனாரு. பாவம், அழுகை முட்டிக்கிச்சு. மார்புக்குக் கொண்டுவராம அப்படியே நிறுத்திட்டாரு. அரைச் சிலுவைதான் போட்டாரு. நான் பக்கத்துலயே நின்னேன்."

"எப்படி?"

அத்தை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முட்டிவலிக்காரர், ஆனாலும் எழுந்து நின்று காட்டினார். குதிகால் இரண்டையும் சேர்த்துக்கொண்டார். முதுகு நிமிர்ந்தது. வலக்கை விரல்கள் ஒன்றாகச் சேர்ந்து நேராக மேலே போய், புருவத்தின் ஓரத்தில், காதுப்பக்கமாகப் போய் நின்றன.

கல்யாணமான நாளிலிருந்து சனிக்கிழமை தவறாமல் மாதா கோவில் நவநாள் ஜெபத்துக்குப் போகிறவர் என் அத்தை. சிலுவை போடுவதற்கு விரல் நடுநெற்றியில்தான் தொடும் என்பது அவருக்குத் தெரியாதா? கை போய் நின்ற இடத்திலேயே நின்றது. கீழே இறக்கவில்லை.

"மல்லிகா," என்றார் மெதுவாக, "இது சல்யூட்டுடி."

பதக்கக் கடைக்காரர் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் போருக்குப் பாதிரியார்களும் போனார்கள். வெள்ளைத்தாடிச் சாமியாருக்கு அன்று என்ன வயதிருக்கும் என்று இருவரும் மனசுக்குள் கணக்குப் பார்த்தோம். சரியாகத்தான் வந்தது. சிலுவை எது, பதக்கம் எது என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது. செத்துக் கிடப்பவர் கிறிஸ்தவரா என்று அவர் கேட்காமல் விட்டது மறதியாலும் இல்லை. அவர் மனசில் என்ன ஓடியது என்று நான் எப்படிச் சொல்வது? கூடப் போருக்குப் போன ஒருவனை வழியனுப்ப ஆள் வந்து கேட்கிறது, தன்னிடம் இடம் இருக்கிறது, கொடுத்தார். அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

அத்தை உட்கார்ந்தார். அழுதார். எங்கள் குடும்பத்துப் பெண்கள் அழுதால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும், அன்று சத்தமே வரவில்லை.

"அப்பா தப்பாத்தான் நினைச்சாரு. ஆனா அவர் அப்பாவுக்கு அன்னிக்கு ஒரு பட்டாளத்துக்காரன் வந்து நின்னான் பாரு. சித்தப்பாங்கள்ல எவன் கொண்டுவந்து நிறுத்தியிருப்பான்? எதுக்குக் குடுத்தாங்கன்னு தெரியலன்னா போகட்டும்டி. என் அப்பா அவர அனாதையா விடல. எனக்கு அது போதும்."

மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இனிமே கடல்ல கரைச்சுடலாம்" என்றார். "சனிக்கிழமை ஜெபத்துக்குப் போறத நிறுத்திடுவீங்களா?" என்று நான் கேட்கவேயில்லை, அவரே பதிலும் சொல்லிக்கொண்டார்: "ஏன் நிறுத்தணும்? அந்தம்மா எனக்கு என்ன கெடுதல் பண்ணாங்க?"

சாங்கிக் கடலில்

காற்று அதிகம் இல்லாத ஒரு காலை. சாங்கி படகுத்துறையில் சின்னப் படகு ஒன்றைப் பேசி வைத்திருந்தேன். அத்தை, நான், சடங்கு செய்யும் பண்டாரம், மலாய்க்காரப் படகோட்டி. கரை பின்னால் போகப் போகத் தண்ணீரும் வானமும் ஒரே நிறத்துக்கு வந்துவிட்டன. ஏதோ ஒரு விமானம் தாழ்வாக இறங்கியது. நான் என்னையும் அறியாமல் எந்த நிறுவனம் என்று பார்த்தேன், பழக்கதோஷம்.

அத்தை மடியில் கலயம். வீட்டிலிருந்து வரும் வழியெல்லாம் இறக்கி வைக்கவேயில்லை.

பண்டாரம் இளவயதுக்காரர். வாழையிலையை விரித்து, எள், அரிசி, பூ எல்லாம் பரப்பிவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆம்பளைப் பிள்ளைங்க யாரும் வரலியாம்மா?"

அத்தை வலக்கையை நீட்டினார். பண்டாரம் வற்புறுத்தவில்லை. இப்போதெல்லாம் பெண்களும் செய்கிறார்கள்தானே. தர்ப்பையை அத்தை விரலில் மாட்டிவிட்டார்.

"இறந்தவங்க பேரு?"

"வைத்திலிங்கம்."

"காரியம் செய்றவங்க பேரு?"

அத்தை கலயத்தின் மூடியைத் திறந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பண்டாரத்தைப் பார்த்தார்.

"கோவிந்தசாமி" என்றார்.

பண்டாரம் படகைச் சுற்றி ஒருமுறை கண்ணை ஓட்டினார். படகோட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"எழுதிக்கங்க தம்பி. கோவிந்தசாமி. இறந்தவரோட மூத்த மகன்" என்றார் அத்தை. குரல் பிசிறவில்லை.

பண்டாரம் எள்ளைக் கையில் எடுத்தார். மகன் கோவிந்தசாமி தன் தகப்பனுக்குச் செய்யும் காரியம் என்று சொல்லி மந்திரத்தை ஆரம்பித்தார். அத்தை கலயத்தைத் தண்ணீருக்குச் சாய்த்தார்.